ஆடு தின்னாத இலை

பூச்சிவிரட்டி தயாரிக்க நமக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம் ஞாபகம் இருக்கிறதா? ஆடு மாடு தின்னாத இலையாகப் பார்த்துப் பறி. ஒடித்தால் பால் வடிய வேண்டும், கசக்கி முகர்ந்தால் நாற்றம் அடிக்க வேண்டும், நாக்கில் வைத்தால் கசக்க வேண்டும். எருக்கு, நொச்சி, வேம்பு, ஊமத்தை, சீத்தா, ஆடாதோடை. இதில் கடைசி இலைக்குப் பெயரிலேயே விஷயத்தைச் சொல்லிவிட்டார்கள், ஆடு தொடாத இலை என்று. கோமியத்தில் ஊறப்போட்டு, வடிகட்டி, டேங்கில் கலந்து அடிக்கிறோம். புழு செத்தாலும் சரி, ஓடினாலும் சரி, நமக்கு மகசூல் தப்பித்தது.

அந்த சீத்தா இலையின் உறவுக்கார இலையைத்தான் நான் 50 கிராம் பாக்கெட் போட்டு மனிதர்களுக்கு விற்றேன். 'முள் சீத்தா இலை. நிழலில் உலர்த்தியது. நஞ்சில்லாதது. புற்றுநோயைக் கட்டுப்படுத்தும்.' இந்த நாலு வரியையும் எழுதியது நான்தான். 33 வருடம் வங்கியில் வேலை பார்த்தவன். ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் உள்ளவன். நாலாவது வரியை எழுதும்போது மட்டும் அந்தப் பழக்கம் எங்கே போனது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

சாத்தூர் பக்கம் எனக்கு நாலரை ஏக்கர். ஓய்வு பெற்று வந்த அடுத்த வருடம் கிணற்றோரமாக 20 முள் சீத்தாக் கன்று வைத்தேன். அப்போது எல்லோரும் வைத்தார்கள். 'கீமோவை விட 10,000 மடங்கு சக்தி' என்று வாட்ஸ்அப்பில் தினம் ஒரு செய்தி வரும். பழத்தை விட இலைக்கு விலை கிடைத்தது. மாதத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் நஞ்சில்லா உணவுச் சந்தையில் என் மேசையில் முதலில் காலியாவது அந்தப் பாக்கெட்தான்.

தொடர்ந்து வாங்கியவர்களில் ஒருவர் அச்சகத்தில் வேலை செய்பவர். மனைவிக்கு மார்பில் கட்டி, மதுரையில் அறுவை சிகிச்சை முடிந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். ஒவ்வொரு மாதமும் நாலு பாக்கெட். நான் விலையில் பத்து ரூபாய் குறைத்துக் கொடுப்பேன். பெரிய தர்மம் செய்வதாக நினைப்பு. ஒரு தை மாதம் அவர் வந்தார். வாங்குவதற்கு அல்ல. பிரிக்காத பாக்கெட் இரண்டை மேசையில் வைத்தார்.

"வீட்டுல இருந்துச்சு சார். வேற யாருக்காவது ஆகும்."

அந்த அம்மா போய்ச் சேர்ந்து பதினைந்து நாள் ஆகியிருந்தது. பேச்சுவாக்கில்தான் மற்றதும் தெரிந்தது. டாக்டர் ஆறு தவணை மருந்து ஏற்றச் சொல்லியிருக்கிறார். இரண்டு ஏற்றியதும் முடி கொட்டி, வாந்தி எடுத்து, பயந்துபோய் நிறுத்திவிட்டார்கள். "அதான் இலை குடிக்கிறோமே, போதும்னு அவளே சொல்லிட்டா சார்." என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை அந்த மனிதர். ஆறு தவணையும் ஏற்றியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எந்த டாக்டரும் உறுதியாகச் சொல்ல மாட்டார். ஆனால் மீதி நாலு தவணையை விட்டுவிடலாம் என்ற தைரியத்தில் என் பாக்கெட்டுக்கும் ஒரு பங்கு இருக்கிறது. அதை யார் மேலும் நான் தள்ளிவிட முடியாது.

அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். முன்னாலேயே செய்திருக்க வேண்டும்.

அந்த 10,000 மடங்கு எங்கிருந்து வந்தது என்று தேடினேன். 1996-ல் அமெரிக்காவில் பர்டூ பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் முள் சீத்தாவிலிருந்து சில புதிய பொருள்களைப் பிரித்தெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதில் ஒரு பொருள், ஆய்வகத் தட்டில் வளர்த்த ஒருவகைப் பெருங்குடல் புற்றுநோய்ச் செல்லைக் கொல்வதில் அட்ரியாமைசின் என்ற மருந்தை விட 10,000 மடங்கு வீரியமாக இருந்தது. இவ்வளவுதான் செய்தி. இதில் நாம் விட்டுவிட்ட விவரங்களைப் பாருங்கள். அவர்கள் எடுத்தது விதையிலிருந்து, இலையிலிருந்து அல்ல. சோதித்தது பிரித்தெடுத்த ஒற்றைப் பொருளை, கசாயத்தை அல்ல. கொன்றது தட்டில் இருந்த செல்லை, நோயாளியின் உடம்பில் இருந்த கட்டியை அல்ல. விண்ணப்பம் கொடுத்தவருக்கெல்லாம் கடன் சாங்ஷன் ஆகிவிட்டது என்று ஊரெல்லாம் தமுக்கு அடித்த கதை.

என் சகலை மகள் பயோடெக்னாலஜி முதுகலை படித்தாள். அவளுடைய ஆய்வுக்கு இதே இலையைத்தான் எடுத்தாள். "பெரியப்பா, மருந்து அடிக்காத இலை வேணும், உங்க தோட்டத்துலதான் கிடைக்கும்" என்று வந்து இரண்டு சாக்கு பறித்துக்கொண்டு போனாள். கூடவே நானும் ஒருநாள் அவள் கல்லூரி ஆய்வகத்துக்குப் போய்ப் பார்த்தேன். இலையிலிருந்து சாரம் எடுப்பதை நாம் எல்லோரும் ஒருமுறை நேரில் பார்க்க வேண்டும்.

இலையை வெயிலில் போடவில்லை. நிழலில் உலர்த்தி, பொடித்து, சலித்தாள். பொடியைக் காகிதக் குழாயில் அடைத்து சாக்ஸ்லெட் என்ற கண்ணாடிக் கருவியில் வைத்தாள். கீழே குடுவையில் கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து பொடியின் மேல் சொட்டும். நிரம்பியதும் தானாக வடிந்து கீழே இறங்கும். மறுபடி ஆவி, மறுபடி சொட்டு. மணிக்கணக்காக இது நடக்கிறது. முதலில் ஹெக்சேன், அது எண்ணெய், மெழுகு போன்றவற்றை இழுத்துக்கொள்ளும். பிறகு எத்தில் அசிடேட். பிறகு மெத்தனால். ஒவ்வொரு கரைப்பானும் தனக்குப் பிடித்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறது. பிறகு கரைப்பானை ஆவியாக்கி எடுத்துவிட்டால் அடியில் நிற்பது கறுப்பாக, பிசுபிசுவென்று, பழைய வண்டி மசகு மாதிரி ஒன்று. அதுதான் கச்சாச் சாரம். அதற்குள் நூற்றுக்கணக்கான பொருள்கள் இருக்கும். வேலை செய்வது எது என்று அப்போதைக்கு யாருக்கும் தெரியாது.

முள் சீத்தாவில் செல்லைக் கொல்கிற பொருள்களுக்கு அசிட்டோஜெனின் என்று பெயர். எண்ணெய்ப் பசை உள்ள பொருள்கள், தண்ணீரில் சரியாகக் கரையாது. ஆகவே அவள் எடுத்த சாரமும் நாம் தண்ணீரில் கொதிக்க வைத்து வடிகட்டுவதும் ஒன்றல்ல. இது தெரிந்தபோதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

சோதனை 96 குழி உள்ள ஒரு பிளாஸ்டிக் தட்டில் நடக்கிறது. ஒவ்வொரு குழியிலும் செல். செல்கள் புனேயில் உள்ள தேசிய செல் அறிவியல் மையத்திலிருந்து வந்தவை. அவள் வைத்திருந்தது எம்.சி.எஃப்-7 என்ற வகை. மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு அமெரிக்கக் கன்னியாஸ்திரியின் உடம்பிலிருந்து 1970-ல் எடுத்த செல்லின் வாரிசுகளாம். அந்த அம்மாவைக் கும்பிட வேண்டும் போலிருந்தது எனக்கு. குழிகளில் சாரத்தைக் கூட்டிக் குறைத்து ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வைத்திருந்து, மஞ்சள் நிறத்தில் எம்.டி.டி. என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். செல் உயிரோடு இருந்தால் மஞ்சள் ஊதாவாக மாறும். செத்திருந்தால் மாறாது. பாதி செல் சாவதற்கு எவ்வளவு சாரம் தேவைப்பட்டது என்பதுதான் கணக்கு. கச்சாச் சாரமாக இருந்தால், மில்லிலிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்குள் அந்த அளவு வந்தால்தான் மேற்கொண்டு பார்க்கத் தகுதி என்பது அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் வைத்த அளவுகோல். நூறு, இருநூறு என்று வந்ததற்கெல்லாம் 'புற்றுநோய் எதிர்ப்பு ஆற்றல்' என்று தலைப்புப் போட்ட கட்டுரைகளை அவளே எனக்கு எடுத்துக் காட்டினாள்.

அவள் தட்டில் புற்றுநோய்ச் செல் செத்தது. எனக்கு ஒரு நிமிடம் பழைய ஆசை எட்டிப் பார்த்தது. "பக்கத்து வரிசையப் பாருங்க பெரியப்பா" என்றாள். அது நல்ல செல் வைத்த வரிசை. அதுவும்தான் செத்திருந்தது. "தட்டுல எதை ஊத்தினாலும் சாகும். உப்பு கொட்டினாலும் சாகும், சாராயம் ஊத்தினாலும் சாகும். கெட்டதை மட்டும் கொல்லுதா, அதான் கேள்வி."

இதில் நமக்கு ஆச்சரியம் என்ன இருக்கிறது? அசிட்டோஜெனின் செய்வது, செல்லுக்குள் சக்தி உண்டாகிற இடத்தில் முதல் படியை அடைப்பது. பூச்சி சாவதும் அதனால்தான், தட்டில் செல் சாவதும் அதனால்தான். அடுப்பை அணைத்தால் எந்த வீட்டிலும் சோறு பொங்காது, நல்ல வீடு கெட்ட வீடு என்று இல்லை. கரீபியன் கடலில் குவாதலூப் என்ற தீவில், முள் சீத்தாப் பழமும் இலைத் தேநீரும் வழக்கமாகச் சாப்பிடுகிறவர்களிடம் பார்க்கின்சன் மாதிரியான ஒரு நரம்பு நோய் அதிகம் இருப்பதை 1999-ல் பிரெஞ்சு மருத்துவர்கள் எழுதினார்கள். இதுதான் காரணம் என்று தீர்ப்பு இன்னும் வரவில்லை. ஆனால் எலிகளில் இந்தப் பொருளைச் செலுத்திப் பார்த்ததில் மூளை நரம்பு பழுதானது. 'பக்கவிளைவே இல்லாதது' என்று சந்தையில் வாய் கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"நீங்க கம்பெனிக்காரன் மாதிரி பேசுறீங்க, நம்ம பாட்டி வைத்தியத்தைக் கேவலப்படுத்துறீங்க" என்று இதைச் சொன்னபோது ஒரு உழவர் நண்பர் கோபப்பட்டார். எந்தப் பாட்டி? முள் சீத்தா நம் ஊர் மரமே இல்லை, அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. நாம் பரப்பியது பாட்டி சொன்ன கைப்பக்குவத்தை அல்ல, ஒரு அமெரிக்கப் பல்கலைக்கழகக் கட்டுரையின் ஒற்றை வரியை, அதையும் தப்பாக. ஆடாதோடையைச் சளிக்குக் கொடுத்த பாட்டிக்கு எத்தனை இலை, எத்தனை நாள், யாருக்குக் கூடாது என்று தெரியும். எனக்கு அந்த மூன்றில் ஒன்றும் தெரியாது.

இலையில் மருந்தே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் எங்கள் பக்கத்து மானாவாரிக் காடே என்னைப் பார்த்துச் சிரிக்கும். விருதுநகர், தூத்துக்குடி, ராமநாதபுரம் பக்கம் நித்தியகல்யாணி போடுகிறார்கள், தெரியும்தானே? சுடுகாட்டு மல்லி என்போமே அதேதான். அதையும் ஆடு தொடாது. வேலி வேண்டாம் என்பதற்காகவே போடுகிறவர்கள் உண்டு.

அதன் கதை ஜமைக்காவில் தொடங்குகிறது. அங்கே சர்க்கரை நோய்க்கு இந்த இலையைத் தேநீர் போட்டுக் குடிப்பார்கள். 1952-ல் ஒரு உறையில் 25 இலை கனடாவுக்குப் போய்ச் சேர்ந்தது. ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளர் அதன் சாரத்தை எலிகளுக்கு வாய்வழி கொடுத்துப் பார்த்தார். சர்க்கரை குறையவில்லை. ஊசியாகப் போட்டபோது எலிகள் செத்தன. வேறு யாராக இருந்தாலும் அத்தோடு மூட்டை கட்டியிருப்பார்கள். ஏன் செத்தன என்று பார்த்தார்கள். வெள்ளை அணுக்கள் குறைந்து, சாதாரணக் கிருமியைக்கூடத் தாங்க முடியாமல் செத்திருக்கின்றன. அப்படியானால் வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகுகிற ரத்தப் புற்றுநோய்க்கு? நோபிளும் சார்லஸ் பீர் என்ற வேதியியலாளரும் சேர்ந்து அந்தப் பொருளைத் தனியாகப் பிரித்து 1958-ல் வெளியிட்டார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே சமயத்தில் அமெரிக்காவில் எலி லில்லி நிறுவனத்தாரும் இதே செடியில் இறங்கியிருந்தார்கள். அங்கிருந்து வந்தது வின்கிறிஸ்டின். குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் பல மருந்துகளோடு சேர்த்து இன்றைக்கும் அதைத்தான் ஏற்றுகிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இரண்டும் இருக்கின்றன.

இப்போது நம் கணக்குக்கு வருவோம். ஒரு கிராம் வின்பிளாஸ்டினுக்குக் காய்ந்த இலை சுமார் 500 கிலோ வேண்டும். ஒரு கிராம் வின்கிறிஸ்டினுக்கு 2,000 கிலோ. மானாவாரியில் ஒரு ஹெக்டேருக்கு வருடத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 2 டன் காய்ந்த இலைதான். ஆறாம் மாதம் ஒரு உருவு, ஒன்பதாம் மாதம் ஒரு உருவு, கடைசியில் செடியைப் பிடுங்கும்போது மூன்றாவது. ஆக இரண்டரை ஏக்கரில் ஒரு குடும்பம் ஒரு வருடம் பாடுபட்டால் ஒரு கிராம் வின்கிறிஸ்டின். அந்த ஒரு கிராம் என்ன ஆகும்? பெரியவர்களுக்கே ஒரு தவணைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. அப்படியென்றால் 500 தவணை. இரண்டரை ஏக்கர் வானம் பார்த்த பூமியில் 500 தவணை. இந்தக் கணக்கை முதல் தடவை போட்டபோது பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

அந்த இலையை யாராவது கசாயம் வைத்துக் குடித்தால்? ஜமைக்காக்காரர்கள் குடித்தார்கள்தானே, அதில் இப்படி ஒரு மருந்து இருப்பது அவர்களுக்குத் தெரியவே இல்லை. வின்கிறிஸ்டினை ரத்தக்குழாயில்தான் ஏற்ற வேண்டும். தவறிப்போய் முதுகுத்தண்டில் ஏற்றினால் உயிர் போய்விடும். அவ்வளவு கறாரான பொருள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 1960 முதல் 1982 வரை அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் சுமார் 35,000 தாவர இனங்களின் சாரங்களைச் சோதித்தது. அதிலிருந்து நோயாளி வரை வந்து சேர்ந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. டாக்ஸால் அதில் ஒன்று. பசிபிக் யூ என்ற மரத்தின் பட்டையில் இருந்தது. பட்டையை உரித்தால் மரம் செத்துப்போகும். பிறகு ஐரோப்பிய யூ மரத்தின் இலையிலிருந்து ஒரு பொருளை எடுத்து அதை டாக்ஸாலாக மாற்றக் கற்றுக்கொண்டார்கள். இலை மறுபடி துளிர்க்கும், மரம் பிழைத்தது.

இப்போது நான் கேட்கிற விஷயம் இதுதான். இந்த வரிசையில் உழவர் எங்கே நிற்கிறார்? ஒருபக்கம் பாக்கெட்டில் 'புற்றுநோய்' என்று எழுதி நோயாளியின் பயத்தில் 50 ரூபாய் பார்க்கிறோம். அது 1954-ஆம் வருடச் சட்டப்படி குற்றமும்கூட. புற்றுநோயைக் குணமாக்கும் என்று எந்த மருந்துக்கும் விளம்பரம் செய்யக்கூடாது என்று அந்தச் சட்டத்தின் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னொரு பக்கம், உண்மையிலேயே மருந்தாகிற நித்தியகல்யாணியை விளைவிக்கிறவர் சாக்கைத் தராசில் வைத்துவிட்டு வியாபாரி வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அந்த இலையில் ஆல்கலாய்டு எவ்வளவு என்று சோதித்து அதற்கேற்ற விலை கேட்க நம்மிடம் ஆளில்லை. நான் மேனேஜராக இருந்தபோது ஒருவர் நித்தியகல்யாணிக்குக் கடன் கேட்டு வந்தார். "வாங்குறவங்க ஒப்பந்தம் ஏதும் இருக்கா?" என்றேன். இல்லை என்றார். திருப்பி அனுப்பினேன். விதிப்படி சரி. அந்த ஒப்பந்தத்தை எழுதி வாங்க யாராவது அவருக்குக் கற்றுக்கொடுத்தார்களா என்று நான் கேட்கவில்லை.

நம் உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்கள் செய்ய வேண்டிய வேலை இங்கே இருக்கிறது. பறித்த தேதி, மண், நிழலில் உலர்த்திய நாள் எல்லாம் எழுதிவைத்து, மூட்டைக்கு மூட்டை மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஆல்கலாய்டு பார்த்து, அந்தக் காகிதத்தோடு விற்க வேண்டும். சட்டம் பார்த்துக்கொள்ளும் என்று இருக்க முடியாது. 2002 பல்லுயிர் சட்டத்தில் பயன் பங்கீடு என்று ஒன்று வந்தது. 2023 திருத்தத்தில், சாகுபடி செய்த மூலிகையை வாங்கும் உள்நாட்டு நிறுவனங்களுக்கு அதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆகவே நமக்கு வரவேண்டியதை விலையிலும் ஒப்பந்தத்திலும்தான் வாங்க முடியும். அதுவும் சீக்கிரம். 2022-ல் ரொட்டி மாவைப் புளிக்க வைக்கிற ஈஸ்ட்டின் மரபணுக்களை மாற்றி, வின்பிளாஸ்டினுக்கான இரண்டு மூலப்பொருள்களையும் அதிலேயே உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். அது தொழிற்சாலை அளவுக்கு வளர்ந்தால் 2 டன் இலை யாருக்கு வேண்டும்?

கல்லூரியிலிருந்து பிள்ளைகள் இலை கேட்டு வந்தால் கொடுங்கள். சும்மா கொடுக்காதீர்கள். எந்தச் செடி, எந்தத் தேதி என்று ஒரு கடிதம் வாங்குங்கள். கோவையில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தில் செடியைக் காட்டிப் பெயரை உறுதி செய்தார்களா என்று கேளுங்கள். தப்பான செடியில் நடக்கிற ஆய்வு ஒருத்தருக்கும் உதவாது. முடிவைத் தெரிவிக்கச் சொல்லுங்கள், முக்கியமாக 'ஒன்றும் இல்லை' என்று வந்தால். என் மகள் முறைப் பெண் நல்ல செல்லும் செத்ததை மறைக்காமல் ஆய்வேட்டில் எழுதினாள். மதிப்பெண் குறைந்ததா தெரியாது. எனக்கு அவள்மேல் மரியாதை கூடியது.

20 மரத்தில் 12-ஐ வெட்டிவிட்டுக் கொய்யா வைத்திருக்கிறேன். மீதி எட்டின் இலை பூச்சிவிரட்டிக்குப் போகிறது. அந்த வேலையைச் சுத்தமாகச் செய்கிறது.

போன சந்தையில் ஒரு பையன் வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும். கையில் ஆஸ்பத்திரி ஃபைல். "சார், நீங்க முள் சீத்தா இலை வச்சிருப்பீங்கன்னு சொன்னாங்க. அம்மாவுக்கு." விற்கிறதில்லை தம்பி என்றேன். எதற்காக விற்கிறதில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். உட்காரச் சொன்னேன். அவனுக்கு அவசரம். டாக்டரிடம் சொல்லாமல் எதையும் கொடுக்காதே, ஊசியை நிறுத்திவிடாதே என்று மட்டும் அவன் முதுகைப் பார்த்துச் சொன்னேன். கேட்டதா தெரியவில்லை. நாலு மேசை தள்ளி அவனுக்குப் பாக்கெட் கிடைத்துவிட்டது. சந்தை முடிந்து மேசையைத் தூக்கும்போது போய்ப் பார்த்தேன். நான் எழுதிய அதே நாலு வரி. ஒரு எழுத்து மாற்றாமல் அச்சடித்திருந்தார்கள்.